கடல் சாமந்தியின் நஞ்சு எந்த உறுப்பில் எது? ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1901 கோடையில் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஃபிசேலியா என்னும் கடல் உயிரியின் நஞ்சை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு ஃபிசேலியா கிடைக்கவில்லை. எளிதாகக் கிடைத்த கடல் சாமந்திகளை (பாறையில் ஒட்டி வாழும், பூப்போலத் தோன்றும் விலங்குகள்) எடுத்து, வாயைச் சுற்றியுள்ள விரல்போன்ற உணர்நீட்சிகளை வெட்டி, கிளிசரினில் ஊறவைத்துச் சாறு இறக்கினார்கள். நெப்டியூன் என்ற நாய்க்கு முதல்முறை அந்தச் சாற்றை ஊசியில் போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. 22 நாள் கழித்து அதே அளவைப் போட்டார்கள். 25 நிமிடத்தில் நாய் இறந்துவிட்டது. உயிரைப் பறிக்கக்கூடிய கடும் ஒவ்வாமையைக் குறிக்கும் அனாஃபிலாக்சிஸ் என்ற சொல் 1902இல் இப்படித்தான் பிறந்தது. 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வாமையின் வரலாறாகவே இந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது அந்தக் கத்தரிக்கோல். வெட்டியது உணர்நீட்சியை மட்டும். ஆகவே அவர்கள் கண்டது உணர்நீட்சியின் நஞ்சு. அதே விலங்கின் உடல் தண்டையோ உள்ளிழைகளையோ ஊறவைத்திருந்தால் கலவை வேறாக இருந்திருக்கும். அதன் பிறகு பல பத்தாண்டுகள், உணர்நீட்சியை எடுத்தவரும் முழு விலங்கையும் அரைத்தவரும் ஒரே பெயரைத்தான் எழுதினார்கள்: "கடல் சாமந்தியின் நஞ்சு". அந்தச் சொல்லுக்கு முன்னால் "எந்த உறுப்பின்?" என்ற கேள்வியைச் சேர்க்கப் பழக்குவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. விலங்கியல் முதுகலை மாணவர், கடலியல் ஆய்வில் புதிதாகச் சேர்ந்தவர், இந்தத் துறைக் கட்டுரைகளைப் புரிந்து படிக்க விரும்புபவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நஞ்சு என்று நான் சொல்வது முழுக் கலவையை. நச்சு என்பது அதற்குள் இருக்கும் தனித்தனிப் புரதத்தை.

படி 1: பாம்பை மறந்துவிடுங்கள்

நாகத்துக்கு நஞ்சுச் சுரப்பி இருக்கிறது; தேளுக்கு வால் நுனியில் பை இருக்கிறது. ஓரிடத்தில் ஊறி ஒரே வழியில் வெளியேறுகிறது. கடல் சாமந்திக்கு அப்படி ஒரு சுரப்பியே கிடையாது. உடல் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு கொட்டும் செல்லும் தனக்கான நஞ்சைத் தானே செய்து, நெமட்டோசிஸ்ட் என்ற உறைக்குள் அடைத்து வைத்துக்கொள்கிறது. உறைக்குள் சுருண்டிருக்கும் குழல், தூண்டப்பட்டதும் உள்வெளியாகப் புரண்டு பாய்கிறது. இதே வகை உறை ஹைட்ராவிலும் உண்டு. அங்கே உறைக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 150 மடங்கு. ஹைட்ராவின் நெமட்டோசிஸ்ட் வெடிப்பதை 2006இல் அளந்தபோது, முதல் பாய்ச்சல் 700 நானோ விநாடிக்குள் முடிந்திருந்தது. ஓர் உறை ஒருமுறைதான் வெடிக்கும். அடுத்த கொட்டுக்குப் புதிய செல் வளர வேண்டும்.

இரண்டாவது வழியும் உண்டு. புறப்படலத்தில் இருக்கும் சுரப்பிச் செல்கள் ஊசி எதுவும் இல்லாமல் நச்சைச் சளியோடு வெளியே கசியவிடும். பல பாடநூல்கள் இதை விட்டுவிடுகின்றன. படி 7இல் இதற்கு வருவோம்.

நஞ்சு செல்லுக்குச் செல் தயாராகிறது என்றால், உறுப்புக்கு உறுப்பு கலவை மாற வழி இருக்கிறது. பாம்பால் இரைக்கு ஒன்று, எதிரிக்கு ஒன்று என்று வேறு வேறு உறுப்பில் நஞ்சு வைத்துக்கொள்ள முடியாது. கடல் சாமந்தியால் முடியும்.

படி 2: உடலை வேலை வேலையாகப் பிரித்துப் பாருங்கள்

கத்தியை எடுக்கும் முன் ஒரு வாரமாவது உயிருள்ள விலங்கைத் தொட்டியில் வைத்துப் பாருங்கள். எந்த உறுப்பு எதைத் தொடுகிறது, எப்போது நீள்கிறது, எப்போது சுருங்குகிறது என்று எழுதி வையுங்கள். பின்னால் வரும் எண்களுக்குப் பொருள் தருவது இந்தக் குறிப்புதான்.

உணர்நீட்சிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. இரையைப் பிடிப்பதும் நெருங்கி வருவதை விரட்டுவதும் அவற்றின் வேலை. இரை தப்பிக்கும் முன் செயலிழக்க வேண்டும். ஆகவே நரம்பையும் தசையையும் உடனே தாக்கும் நச்சுகளை இங்கே எதிர்பார்க்கலாம்.

அக்ரோராகை என்பவை உணர்நீட்சிகளுக்குக் கீழே, உடல் தண்டின் மேல் விளிம்பில் இருக்கும் புடைப்புகள். ஐரோப்பியப் பாறைக் கரைகளில் வாழும் ஆக்டினியா ஈக்வினாவில் இவை நீல மணிகளைக் கோத்ததுபோல் தெரியும். இவற்றால் இரை பிடிப்பதில்லை. பக்கத்தில் வேறு மரபுவழியைச் சேர்ந்த சாமந்தி ஒன்று ஒட்டிக்கொண்டால், இவற்றை ஊதிப் பெரிதாக்கி அதன்மேல் அழுத்தும். அழுத்திய இடத்தில் தோலின் ஒரு துண்டு உரிந்து எதிரியின் உடலில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்துத் திசு செத்துப்போகும். கலிபோர்னியக் கரையில் ஆந்தோப்ளூரா எலகன்டிசிமா என்ற இனம் தன்னைத்தானே இரண்டாகப் பிளந்து பிளந்து பெரும் கூட்டமாகப் பாறையை மூடும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே வெறும் பாறையாக ஒரு பட்டை கிடக்கும். அந்த வெற்றுப் பட்டை போரின் எல்லைக்கோடு என்பதை 1973இல் லிஸ்பெத் ஃபிரான்சிஸ் விளக்கினார். எல்லையில் நிற்கும் உயிர்களுக்கு நடுவில் இருப்பவற்றைவிட அக்ரோராகை அதிகம் என்பதையும் பின்னர் அவர் காட்டினார். மரபணு ஒன்றேதான்; நிற்கும் இடம் மாறியதும் ஆயுதமும் மாறுகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி இது.

வயிற்றுக்குள் தொங்கும் மீசென்டரி இழைகளின் வேலை வேறு. இரை ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. இனி அதை அடக்கிச் செரிக்க வேண்டும். செல் படலத்தைத் துளைக்கும் புரதங்களும் கொழுப்பை உடைக்கும் நொதிகளும் இங்கே பொருந்தும். இங்கேதான் ஒரு பொறியும் இருக்கிறது. ஒரே பாஸ்போலிபேஸ் நஞ்சாகவும் இருக்கலாம், வெறும் செரிமான நொதியாகவும் இருக்கலாம். வரிசையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துவிட முடியாது.

சில குடும்பங்களில் அந்த இழைகளின் நுனியிலிருந்து அகான்ஷியா என்ற மெல்லிய நூல்கள் வளரும். துறவி நண்டின் சங்கில் குடியிருக்கும் கேலியாக்டிஸைச் சற்று அழுத்திப் பாருங்கள். உடல் தண்டின் சிறு துளைகள் வழியாகவும் வாய் வழியாகவும் நூல் நூலாக வெளியே வரும். நண்டைத் தின்ன வரும் ஆக்டோபஸ் எதிர்கொள்வது இந்த நூல்களைத்தான். வயிற்றுக்குள் தோன்றினாலும் இது தற்காப்புக் கருவி. இருக்கும் இடத்தை மட்டும் வைத்து வேலையை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

உடல் தண்டைப் பெரும்பாலோர் ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கே கொட்டும் செல்கள் குறைவு என்பது காரணம். ஆனால் ஒகினாவாவில் மனிதர்களைக் கடுமையாகப் பாதிக்கும் ஃபில்லோடிஸ்கஸ் செமோனியைப் பாருங்கள். அதன் உடல் தண்டிலிருந்து பாசிபோலக் கிளைத்து வளரும் பகுதிகளில் உருண்டையான கொப்புளங்கள் இருக்கின்றன. கொட்டும் உறைகள் நிறைந்திருப்பது அந்தக் கொப்புளங்களில்தான். தீண்டப்பட்டவர்களில் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களும் உண்டு. உணர்நீட்சியை மட்டும் வெட்டி எடுத்து "இதன் நஞ்சைப் படித்துவிட்டேன்" என்று எழுதினால், ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும் பகுதியைத் தொடாமலே எழுதியதாக ஆகும்.

படி 3: நுண்ணோக்கியில் உறைகளை எண்ணுங்கள்

செலவில்லாத படி இது. ஆனால் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் கடுகளவு திசுவை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மூடுதகட்டால் நசுக்கிப் பாருங்கள். வெடிக்காத உறைகளின் வகையைக் குறியுங்கள். நீள அகலத்தை அளந்து வையுங்கள்.

உணர்நீட்சியில் ஸ்பைரோசிஸ்டுகள் ஏராளமாக இருக்கும். இவை ஒட்டிச் சிக்கவைக்கும், நஞ்சு செலுத்தா. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பேசிட்ரிக் வகை பல உறுப்புகளில் வரும். மீசென்டரி இழையிலும் அகான்ஷியாவிலும் தடித்த தண்டுள்ள மாஸ்டிகோஃபோர் வகையைப் பார்க்கலாம். அக்ரோராகையில் ஹோலோட்ரிக் என்ற பெரிய உறைகள் நிறைந்திருக்கும். உறை வகைகளின் இந்தப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டால், பின்னால் ஆர்என்ஏ தரவில் ஏதாவது முரண்பட்டு வரும்போது திசு கலந்துவிட்டதா என்று சரிபார்க்க முடியும். உடல் தண்டு மாதிரியில் ஸ்பைரோசிஸ்டுகள் குவிந்திருந்தால் உணர்நீட்சித் துணுக்கு சேர்ந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

படி 4: நச்சுக் குடும்பங்களோடு பழகிக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்; மூன்றைத் தெரிந்துகொண்டால் தொடங்கலாம். முதலாவது, நரம்பின் சோடியம் வாயில்கள் மூடவிடாமல் தடுக்கும் நச்சுகள். அனிமோனியா சல்கேட்டாவின் ஏடிஎக்ஸ்-2 இவற்றில் புகழ்பெற்றது. இரண்டாவது, பொட்டாசியம் வாயில்களை அடைப்பவை. கரீபியக் கடலின் ஸ்டிகோடாக்டைலா ஹீலியாந்தஸிலிருந்து 1995இல் விவரிக்கப்பட்ட எஸ்ஹெச்கே 35 அமினோ அமிலங்களே கொண்டது. அதிலிருந்து உருவான டலசடைட் என்ற மருந்து சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, ஆக்டினோபோரின்கள். ஏறக்குறைய 20 கிலோடால்டன் எடையுள்ள இந்தப் புரதங்கள் ஸ்ஃபிங்கோமைலின் என்ற கொழுப்பு உள்ள செல் படலங்களில் கூட்டாகச் சேர்ந்து துளை போடும்.

நச்சுக்கு வைத்த பெயர் அது முதலில் எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லும். அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லாது.

படி 5: மாதிரி எடுப்பது

தவறுகள் நுழைவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் அனுமதி. மன்னார் வளைகுடாவிலும் பெரிய கம்பளச் சாமந்தியான ஸ்டிகோடாக்டைலா ஹடோனி வாழ்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது. கையுறை இல்லாமல் எந்தச் சாமந்தியையும் தொடாதீர்கள். உள்ளங்கைத் தோல் தடிப்பானது, ஒன்றும் செய்யாமல் போகலாம். அதே கையால் கண்ணைத் தேய்த்தால் அப்படி இருக்காது.

விலங்கைச் சில நாள் பட்டினி போடுங்கள். இல்லையென்றால் மீசென்டரி இழை மாதிரியில் நீங்கள் தீனியாகப் போட்ட ஆர்ட்டீமியாவின் மரபணுக்கள் வந்து நிற்கும். ஒட்டுவாழ் பாசிகள் உள்ள இனமாக இருந்தால் அவற்றின் ஆர்என்ஏவும் கலந்து வரும். அதைக் கணக்கீட்டில் பிரித்தெடுக்கத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் முன் மக்னீசியம் குளோரைடு கரைசலைக் கடல்நீரோடு சிறிது சிறிதாகக் கலந்து விலங்கைத் தளர்த்துங்கள். தளராத சாமந்தி தொட்டதும் உருண்டையாகச் சுருங்கிவிடும். உணர்நீட்சிகள் உள்ளே மடிந்துபோகும். எது எந்த உறுப்பு என்றே தெரியாது. நான் மாணவனாக இருந்தபோது தளர்த்தாமல் வெட்டிய மாதிரிகளை வைத்து மூன்று மாதம் உழைத்தேன். அந்தக் குழாய்களில் எதில் என்ன இருந்தது என்று என்னால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வெளியில் உள்ள உறுப்புகளை முதலில் வெட்டுங்கள், உள்ளிழைகள் கடைசியில். ஒவ்வோர் உறுப்புக்கும் வேறு கத்தி. வெட்டிய நொடியே திரவ நைட்ரஜனிலோ ஆர்என்ஏ காப்புக் கரைசலிலோ போடுங்கள்.

இன்னொரு கண்ணி, பிரதி எண்ணிக்கை. ஒரே பாறையிலிருந்து மூன்று சாமந்திகளை எடுத்து மூன்று பிரதிகள் என்று எழுதுவது எளிது. ஆனால் ஆஸ்திரேலியாவின் ஆக்டினியா டெனிப்ரோசா தன் உடலுக்குள்ளேயே தன் நகல்களை வளர்த்துப் பக்கத்தில் விடுகிறது. உங்கள் மூன்றும் ஒன்றாகவே இருக்கலாம். தள்ளித் தள்ளியுள்ள இடங்களிலிருந்து எடுங்கள்.

மெல்லிய மின்தூண்டலால் நஞ்சைக் கறக்கும் முறை விலங்கைக் கொல்லாது; நல்ல முறைதான். ஆனால் முழு உடலின் பரப்பிலிருந்தும் சளியும் நஞ்சும் சேர்ந்து வரும் என்பதால் எந்த உறுப்பில் எது என்ற கேள்விக்கு அது தனியாக விடை தராது.

படி 6: ஆர்என்ஏவைப் படிக்கும்போது

ஒவ்வோர் உறுப்பின் ஆர்என்ஏவையும் தனித்தனியே வரிசைப்படுத்தி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பொதுத் தொகுப்பை உருவாக்கி, அதன்மேல் ஒவ்வோர் உறுப்பின் அளவையும் ஒப்பிடுவது வழக்கம். அனிமோனியா சல்கேட்டா, ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா, மெகலாக்டிஸ் கிரிஃபித்சி ஆகிய மூன்று இனங்களில் உணர்நீட்சி, உடல் தண்டு, மீசென்டரி இழை மூன்றையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. ஓர் இனத்தில் கண்ட பங்கீட்டை அப்படியே அடுத்த இனத்துக்குப் பொருத்த முடியாது என்பதை அதைப் படித்தவர் மறக்கமாட்டார்.

இரண்டு எச்சரிக்கைகள். நச்சு மரபணுக்கள் ஒன்றுபோலவே பல நகல்களாக அடுக்கியிருக்கும். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சிறு கடல் சாமந்தியான நெமட்டோஸ்டெல்லாவில் என்வி1 என்ற நச்சுக்குப் பத்துக்கும் மேற்பட்ட நகல்கள் உண்டு. குறுகிய வரிசைத் துண்டுகளை ஒட்டும் மென்பொருள் அவற்றையெல்லாம் ஒன்றாக உருட்டிவிடும். உணர்நீட்சியில் ஒரு நகலும் இழையில் வேறு நகலும் இயங்கினாலும் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். மரபணுத் தொகுதி வெளியான இனத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் குறையும். நெமட்டோஸ்டெல்லாவுக்கு அது 2007இலேயே வெளியாயிற்று.

மற்றது, ஒத்த வரிசை இருந்தால் நச்சு என்று முடிவுகட்டுவது. நெமட்டோஸ்டெல்லாவில் எஸ்ஹெச்கே போன்ற இரண்டு உறவுக்காரப் புரதங்களில் ஒன்று கொட்டும் செல்லில் நச்சாக இருக்கிறது. இன்னொன்று நரம்புச் செல்லில் செய்தி கடத்தியாக வேலை செய்கிறது. பட்டியலில் இரண்டும் நச்சு என்றுதான் வரும்.

படி 7: இடத்தைக் கண்ணால் பாருங்கள்

ஆர்என்ஏ இருக்கும் அளவுக்குப் புரதம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே அதே உறுப்பின் புரதங்களை, மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் நிறைநிரல்மானியில் பாருங்கள். திசுச் சீவலின் மேல் லேசர் பாய்ச்சி எந்தப் புள்ளியில் எந்தப் பெப்டைடு என்று வரைபடமாகவே எடுக்கும் மால்டி படமெடுப்பு முறை ஆஸ்திரேலியக் கடல் சாமந்திகளில் பயன்பட்டிருக்கிறது. உறுப்பு என்ற அளவிலிருந்து செல் என்ற அளவுக்கு இறங்க வேண்டுமானால் நிறமேற்றிய எதிர்ப்பொருளோ ஆர்என்ஏ துணைக்கோவையோ வேண்டும்.

இறங்கிப் பார்ப்பதால் என்ன கிடைக்கும்? கடல் சாமந்தியின் நரம்பு நச்சு கொட்டும் உறைக்குள்தான் இருக்கும் என்று நீண்ட காலம் எண்ணிவந்தார்கள். 2012இல் நெமட்டோஸ்டெல்லாவின் என்வி1 எங்கே இருக்கிறது என்று நிறமேற்றிப் பார்த்தபோது, அது கொட்டும் செல்லில் இல்லை; புறப்படலச் சுரப்பிச் செல்களில் இருந்தது. இரை மேலே பட்டதும் அது வெளியே கொட்டப்படுகிறது. அதே விலங்கின் நெப்3 என்ற நச்சு கொட்டும் செல்லில் இருக்கிறது. திசுவை அரைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குழாயில், ஒரே உறுப்பின் நஞ்சாகத்தான் தெரியும். ஒன்று ஊசியில் போவதும் மற்றது நீரில் கசிவதும் தெரியாமல் போகும்.

படி 8: சரியான எதிராளியிடம் சோதியுங்கள்

ஆக்டினியா ஈக்வினாவின் அக்ரோராகையிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் இரண்டு பெப்டைடுகளைப் பிரித்தார்கள். நண்டைக் கொல்லும் திறனை வைத்துத்தான் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். அருமையான வேலை. ஆனால் அக்ரோராகை நண்டோடு சண்டையிடும் உறுப்பு அல்ல. அதன் எதிராளி இன்னொரு கடல் சாமந்தி. நண்டைக் கொல்லாத, சாமந்தியை மட்டும் அழிக்கும் நச்சு அங்கே இருந்தால் அந்தச் சோதனையில் அது சிக்கியிருக்காது. உணர்நீட்சிச் சாறுக்குச் சிறு இறால் அல்லது மீன் குஞ்சு, அக்ரோராகைச் சாறுக்கு வேறு மரபுவழிச் சாமந்தியின் திசு, இழைச் சாறுக்குச் செல் படலச் சிதைவு என்று உறுப்பின் வேலைக்கு ஏற்ற சோதனையை வையுங்கள். முதுகெலும்பிகளைத் தொடும் முன் நெறிக்குழு அனுமதி கட்டாயம்.

படி 9: எந்த வயதில், எந்த நாளில்?

உறுப்போடு காலத்தையும் சேர்த்தால்தான் படம் முழுமையாகும். நெமட்டோஸ்டெல்லாவின் வாழ்நாள் முழுவதையும் தொடர்ந்து பார்த்த 2018 ஆய்வில், தாய் தன் முட்டையிலேயே ஒரு நச்சை வைத்து அனுப்புவது தெரியவந்தது. கொட்டும் செல் ஒன்றுகூட உருவாகாத முட்டைக்கு அது பாதுகாப்பு. சற்று வளர்ந்த லார்வாவை விழுங்கிய கில்லிமீன் உடனே வெளியே துப்பிவிடுகிறது. என்வி1 விஷயத்தில் இனத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு. ஃபுளோரிடாவில் வாழும் ஒரு கூட்டத்தில் அந்த நச்சு ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கிறது. ஆகவே எந்தக் கடற்கரையில் எடுத்த மாதிரி என்பதும் தரவுதான்.

வளர்ந்த விலங்கின் உறுப்பும் நிலையானதல்ல. மெட்ரிடியம் செனைல் என்ற சாமந்தி இனத்தின் பக்கத்தில் அன்னியக் கூட்டத்துச் சாமந்தியை வைத்தால், இரை பிடிக்கும் உணர்நீட்சிகளில் சில வாரக்கணக்கில் மெல்ல உருமாறிப் போர் உணர்நீட்சிகளாகின்றன. ஸ்பைரோசிஸ்டுகள் மறைந்து ஹோலோட்ரிக்குகள் வருகின்றன. பார்வைக்கு அதே வட்டத்தில், மற்றவற்றின் நடுவில்தான் நிற்கும். சற்றுத் தடித்து, நீண்டு, தனியே தேடுவதுபோல் வளையும். எனவே குழாயின் மேல் "உணர்நீட்சி" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த வட்டத்தில் இருந்தது, தடிமன் என்ன, பக்கத்தில் யார் இருந்தார், எத்தனை நாள் பட்டினி, எந்த மாதம், எந்தப் பாறை என்பவற்றையும் அன்றே, விலங்கு இன்னும் தொட்டியில் இருக்கும்போதே எழுதி ஒட்டுங்கள்.